க்ரீம் ஊத்துனதும் கிரேவி திரிஞ்சு போச்சு, நாளைக்கு எட்டுப் பேர் சாப்பிட வர்றாங்க!

செல்லூர்ப் பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். இங்க வந்து ஒரு மாசம்கூட ஆகல. நாளைக்கு மத்தியானம் எட்டுப் பேர் சாப்பிட வர்றாங்க, அதுல வீட்டுக்காரரோட மேனேஜரும் ஒருத்தர். ஒத்திகை பாப்போம்ண்டு இப்ப பன்னீர் பட்டர் மசாலா வச்சேன். கடைசியா க்ரீம் ஊத்துன ரெண்டு நிமிஷத்துல திரிதிரியா ஆயிருச்சு. கடையில க்ரீம்ண்டு கேட்டா ஒரு அலமாரியவே காட்டுறாங்க. ஊர்ல ஒரே பாக்கெட், எல்லாத்துக்கும் அதைத்தான் ஊத்துவோம். கேக்குக்கும் க்ரீம் அடிக்கணும். எதுக்குப் பதிலா எதைப் போடலாம்? கடை மூட இன்னும் ஒன்றரை மணி நேரந்தான் இருக்கு. நாளைக்கு எல்லாக் கடையும் அடைப்பாம். யாராவது சொல்லுங்களேன்!

திருமங்கலத்தான், டொராண்டோ:
பதறாத தங்கச்சி. 35 சதவீதம்ண்டு போட்ட விப்பிங் க்ரீம் எடுத்துக்க, சமையலுக்கும் கேக்குக்கும் அது ஒண்ணே போதும். 10 சதவீதம் ஹாஃப் அண்ட் ஹாஃப், 18 சதவீதம் டேபிள் க்ரீம் ரெண்டும் காப்பிக்கு ஊத்துறது. அடிச்சா நிக்காது, புளிப்புக் கிரேவியில கொதிக்க விட்டா திரியும். நீ அதுல ஒண்ணைத்தான் ஊத்தியிருப்ப.

லெஸ்டர் மதினி:
இங்க இங்கிலாந்துல டபுள் க்ரீம் இருக்கும்போது விப்பிங் க்ரீம் எதுக்கு? டபுள்ல கொழுப்பு 48 சதவீதம், தக்காளியில போட்டுக் கொதிக்க வச்சாலும் அசையாது. சிங்கிள் க்ரீம் 18 தான், அதைக் கொதிக்கிற சட்டியில ஊத்தவே கூடாது. ‘எக்ஸ்ட்ரா திக்’ டப்பா கேக்குக்கு ஆகாது, அது ஸ்பூன்ல எடுத்துப் பழத்து மேல வைக்கிறது. அப்புறம், டபுள் க்ரீம் அடிக்கும்போது கண்ணை எடுத்தீங்க, வெண்ணெயாத் திரண்டுரும். 100 கிராமுக்கு ரெண்டு ஸ்பூன் பால் சேத்துக்கிட்டா கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.

மேலூரான், மெல்போர்ன்:
எதுக்குக் கடைக்கு ஓடணும்? 140 மில்லி பாலை லேசா சூடு பண்ணி, உருக்குன வெண்ணெய் 60 கிராம் சேத்து மிக்ஸியில ஒரு நிமிஷம் ஓட்டுங்க. 200 கிராம் க்ரீம் தயார். எல்லாத்துக்கும் இதே போதும். இங்க விக்கிற ‘திக்கன்ட் க்ரீம்’ல பல கம்பெனி ஜெலட்டின் சேக்குது. சைவம் சாப்பிடுறவங்க லேபிளைப் பாக்காம வாங்காதீங்க.

அண்ணாநகர் பேக்கரி மாஸ்டர், மதுரை:
மேலூர்த் தம்பி சொன்ன கணக்கு சரி. அந்தக் கலவையில கொழுப்பு 27 சதவீதம் வரும். கிரேவிக்கு ஊத்தலாம், கேக் மாவுலயும் சேக்கலாம். ஆனா ‘எல்லாத்துக்கும்’ங்கிறது தப்பு. அடிச்சா நிக்கவே நிக்காது. க்ரீம்ல கொழுப்பு பொடிப் பொடி உருண்டையா, மேல மெல்லிசா ஒரு சவ்வோட இருக்கும். அடிக்க அடிக்க அந்தச் சவ்வு பாதி கிழிஞ்சு, உருண்டைங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் காத்தைப் பிடிச்சு வச்சுக்கும். வெண்ணெய்ல அந்தச் சவ்வு ஏற்கனவே போயிருச்சு. வீட்டு மிக்ஸி அதைத் திரும்பக் கொண்டாராது.

செல்லூர்ப் பாப்பா, நீ மூணு விஷயம் சொல்லல. எந்த நாடு? பாக்கெட்ல என்ன பேரு போட்டிருக்கு? கொழுப்பு எத்தனை சதவீதம்? இது தெரியாம ஆளாளுக்கு அவங்கவங்க ஊர்க் கடையச் சொல்லிக்கிட்டு இருக்கோம்.

செல்லூர்ப் பொண்ணு:
மன்னிச்சுக்கங்க மாஸ்டர். ஊத்துனது ‘ஸாவர ஸானெ’, 10% ஃபெட்ண்டு இருக்கு. பக்கத்துல ஷ்மாண்ட், ஷ்லாக்ஸானெ, க்ரெம் ஃப்ரெஷ், க்வார்க், காஃபேஸானெ எல்லாம் இருந்துச்சு. விலை கம்மிண்டு இதை எடுத்தேன்.

உசிலம்பட்டி அண்ணன், ஸ்டுட்கார்ட்:
அட, ஜெர்மனியா! மொதல்ல ஒண்ணு, வீட்டு விலாசத்தை நகராட்சி ஆஃபீஸ்ல பதிஞ்சாச்சா? குடி வந்து ரெண்டு வாரத்துக்குள்ள பதியணும். அது இல்லாம பேங்க்குல, இன்சூரன்ஸ்ல எல்லாம் முட்டும். வாடகை முன்பணம் மூணு மாசத்துக்கு மேல கேட்டாக் குடுக்காதீங்க, சட்டப்படி அதுதான் உச்சம். அதையும் மூணு தவணையா கட்டலாம்.

திருமங்கலத்தான், டொராண்டோ:
அண்ணே, அந்தப் புள்ள க்ரீம் கேட்டுச்சு.

லெஸ்டர் மதினி:
அவர் சொல்றதுலயும் தப்பில்ல. மொத ஆறு மாசம் குளிரும் காகிதமுமாத்தான் ஓடும். அதுல பாலு வேற! காய்ச்சுனா ஆடை கட்டுதா பாருங்க. கடுதாசி கணக்கா ஒரு படலம், அவ்வளவுதான். ஒரு வாரம் சேத்தாலும் நெய் உருக்க ஒரு ஸ்பூன் தேறாது.

மேலூரான், மெல்போர்ன்:
அது ஹோமோஜினைஸ் பண்ண பால் மதினி. கொழுப்பு உருண்டைய ரொம்பச் சின்னதா உடைச்சு விட்டுருவாங்க, மேல மிதந்து வராது. ஆடை பத்திப் பேசவும் ஜிகர்தண்டா நெனப்பு வந்துருச்சு. மதுரை விளக்குத்தூண் பக்கம் நிக்கிற மாதிரி இருக்கு. அந்தப் பாலாடைக்கு இங்கிட்டு என்ன பண்றதுண்டு யாருக்காவது தெரியுமா?

அண்ணாநகர் பேக்கரி மாஸ்டர், மதுரை:
கேட்டதுக்காகச் சொல்றேன். முழுக்கொழுப்புப் பால் ஒரு லிட்டரை அடிகனமான சட்டியில, ஓரத்துல படியிற ஆடைய வழிச்சு உள்ள தள்ளிக்கிட்டே பாதியாச் சுண்டக் காய்ச்சுங்க. சீனி 60 கிராம். இறக்குனதும் 30 சதவீத க்ரீம் 100 கிராம் கலக்குங்க, ஆடையோட வழவழப்பு ஓரளவு வரும். அடிச்ச க்ரீமைப் போட்டீங்கன்னா நுரையா மிதக்கும், ருசி செத்துரும். பாதாம் பிசின் ஒரு ஸ்பூனுக்கு மேல ஊற வைக்காதீங்க, ராத்திரியில அண்டா நெறய உப்பி நிக்கும். நன்னாரி சர்பத் மட்டும் ஊர்ல இருந்துதான் வரணும்.

செல்லூர்ப் பொண்ணு:
அண்ணே, மதினி, கடை மூட முக்கால் மணி நேரம்…

உசிலம்பட்டி அண்ணன், ஸ்டுட்கார்ட்:
இந்தா, சட்டுண்டு எழுதிக்கம்மா.

ஷ்லாக்ஸானெ: கொழுப்பு 30 சதவீதத்துக்குக் குறையாது, புளிப்பில்ல. உனக்கு வேண்டியது இதுதான், கிரேவிக்கும் கேக்குக்கும். 200 கிராம் டப்பாவா நாலு வாங்கு. ஸாவர ஸானெ: 10 சதவீதம், புளிச்சது. ஷ்மாண்ட்: 20க்கு மேல, பெரும்பாலும் 24, அதுவும் புளிச்சது. க்ரெம் ஃப்ரெஷ்: 30க்கு மேல, லேசாப் புளிக்கும். புளிச்ச வகையில அடுப்புச் சூட்டை நல்லாத் தாங்குறது இதுதான். காஃபேஸானெ காப்பிக்கு.

க்வார்க் தயிர் மாதிரி இருக்கிற ஒரு சீஸ். டப்பாவுல 40 சதவீதம்ண்டு இருக்கேண்டு ஏமாந்துராத. பக்கத்துலயே சின்ன எழுத்துல ‘இ. டிஆர்.’ண்டு இருக்கும். தண்ணிய நீக்கிட்டு மிஞ்சுற திடப்பொருள்ல 40 பங்குங்கிற கணக்கு அது. மொத்த எடையில பாத்தா 11 சதவீதந்தான் தேறும்.

இன்னும் ரெண்டு: மஸ்கர்ப்போனெ (கொழுப்பு கூடின க்ரீம் சீஸ்) ஒரு டப்பா, ‘ஸானஸ்டைஃப்’ பொட்டலம். அடிச்ச க்ரீம் இளகாம நிக்கப் போடுற பொடி அது. மாவு, சர்க்கரை விக்கிற அலமாரியில தொங்கும். எட்டு கிராம் பொட்டலம், 200-லருந்து 250 கிராம் க்ரீமுக்கு ஒண்ணு. ஸ்டார்ச்சுதான், ஆனாலும் லேபிளைப் பாத்துக்க. கடையத் தவற விட்டா பெரிய ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு கடை ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும். விலை கூடத்தான்.

அண்ணாநகர் பேக்கரி மாஸ்டர், மதுரை:
உசிலம்பட்டியார் கடைப் பக்கத்த முடிச்சுட்டாரு. அடுப்புப் பக்கம் நான் சொல்றேன்.

ஏன் திரிஞ்சதுண்டா, க்ரீம் ஏற்கனவே புளிச்சது, தக்காளியும் புளிப்பு, அதோட கொதி. பால்ல உள்ள புரதம் கட்டிக்கும். கொழுப்பு கூடின க்ரீம்ல புரதம் கம்மி, கொழுப்பும் நடுவுல நிக்கும், அதனால தாங்குது. திரிஞ்ச கிரேவி பழையபடி ஆகாது, ஆனா கொட்டிராத. பன்னீரை எடுத்து வச்சுட்டு நல்லா ஆற விடு. இருபது முந்திரிய வெந்நீர்ல கால் மணி நேரம் ஊறப்போட்டு, கிரேவியோட சேத்து மிக்ஸியில நைசா அரைச்சு வடிகட்டு. சூட்டோட அரைச்சா மூடி பறந்து சுவரெல்லாம் மசாலாதான். திரும்பச் சூடு பண்றப்ப கொதி வரக் கூடாது. இன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு அது போதும்.

நாளைக்குப் புதுசா வை. எட்டுப் பேருக்குப் பன்னீர் 600 கிராம், தக்காளி ஒரு கிலோ, முந்திரி 60 கிராம், ஷ்லாக்ஸானெ 200 கிராம். தக்காளி பச்சை வாசம் போயி எண்ணெய் பிரியிற வரைக்கும் சுண்டணும். அங்கதான் எல்லாரும் அவசரப்படுறாங்க. க்ரீமை அரை மணி நேரம் முன்னாடியே வெளிய எடுத்து வையி. ஒரு கரண்டி கிரேவிய க்ரீம்ல ஊத்திக் கலக்கிட்டு, அடுப்பை அணைச்சுட்டு அதைச் சட்டியில சேரு. உப்பு, காரம் எல்லாம் அதுக்கு முன்னாடியே பாத்துக்க. கையில ஸாவர ஸானெ மட்டும் இருந்தா, 200 கிராமுக்கு ஒரு டீஸ்பூன் கார்ன்ஃப்ளார் தண்ணியில கரைச்சுக் கலந்து, இதே மாதிரி அணைச்ச பிறகு சேக்கலாம். தேங்காய்ப் பால் வேணாம், ருசி குருமாப் பக்கம் போயிரும்.

செல்லூர்ப் பொண்ணு:
வாங்கிட்டேன் மாஸ்டர்! எல்லாம் கிடைச்சுருச்சு. கேக்குக்கு? நம்ம ஊரு பேக்கரி மாதிரி ரோஜாப்பூ வருமா?

அண்ணாநகர் பேக்கரி மாஸ்டர், மதுரை:
வராது, ஆசைப்படாத. நாங்க இங்க அடிக்கிறது பாமாயில் மாதிரி தாவரக் கொழுப்பும் சர்க்கரையும் சேந்த க்ரீம். மதுரை வெயில்ல நிக்கணும்ல. பால் க்ரீம் ரெண்டு மடங்குதான் பொங்கும், சூடு பட்டா இளகிரும். ஆனா ருசியில இது எங்கயோ இருக்கு.

எட்டு அங்குல கேக்கு, நடுவுல ஒரு அடுக்கு, மேலயும் பூசணும்ண்டா: மஸ்கர்ப்போனெ 200, ஷ்லாக்ஸானெ 400, பொடிச்ச சர்க்கரை 60 கிராம். அங்க சாதாரணமா விக்கிற கேக் அச்சு 26 சென்டிமீட்டர். அதுண்டா எல்லாமே ஒண்ணரைப் பங்குக்கு மேல ஆகும், கிரேவிக்கும் சேத்தா நாலு டப்பா பத்தாது. க்ரீம் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் உள்பக்கம் இருக்கட்டும், கதவுல வைக்காத. பாத்திரமும் அடிக்கிற கம்பியும் ஃப்ரீசர்ல கால் மணி நேரம். மொதல்ல மஸ்கர்ப்போனெயயும் சர்க்கரையயும் கரண்டியால கட்டி இல்லாமக் குழை, க்ரீமைக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்தி நடுத்தர வேகத்துல அடி. கம்பி போன தடம் அழியாம நிக்கும்போது வேகத்தைக் குறை. தூக்கினா நுனி லேசா வளையணும், அத்தோட நிப்பாட்டு. கேக்குல தேய்க்கிறப்ப இன்னும் இறுகும். மணல் மாதிரி தெரிஞ்சா, அடிக்காத க்ரீம் ரெண்டு ஸ்பூன் ஊத்திக் கையால மடிச்சா மீண்டுரும். தண்ணி தனியாப் பிரிஞ்சுட்டா அது வெண்ணெய், ரொட்டிக்குத் தடவு. மஸ்கர்ப்போனெ சேத்தா ஸானஸ்டைஃப் தேவையில்ல, ஒண்ணைக் கையில வச்சுக்க.

கேக் முழுசா ஆறாமப் பூசாத. பத்துல ஒன்பது பேருக்கு வழியிறது இதனாலதான்.

லெஸ்டர் மதினி:
மாவுல ஸோர் க்ரீம் போடச் சொன்னா அங்க எதைப் போடுறது மாஸ்டர்? என்னயவே ரெண்டு பேர் கேட்டாங்க.

அண்ணாநகர் பேக்கரி மாஸ்டர், மதுரை:
ஷ்மாண்ட், இல்லாட்டி 10 சதவீத கிரேக்கத் தயிர், அதே எடை. புளிக்காத க்ரீமை மாத்திப் போட்டா சமையல் சோடா சரியா வேலை செய்யாது. கேக் சரியா எழும்பாது, சோப்பு வாடையும் வரும். வேற வழியில்லண்டா 200 மில்லிக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஊத்திப் பத்து நிமிஷம் விட்டுப் போடுங்க.

செல்லூர்ப் பொண்ணு:
மிச்சத்த ஃப்ரீசர்ல போடலாமா?

உசிலம்பட்டி அண்ணன், ஸ்டுட்கார்ட்:
ஷ்லாக்ஸானெயப் போடலாம், ஐஸ் ட்ரேயில ஊத்தி. உருகினா பிரிஞ்சு நிக்கும், அடிக்க ஆகாது, கிரேவிக்கு மட்டும். திறந்த டப்பா ஃபிரிட்ஜ்ல மூணு நாள். அந்த ஸாவர ஸானெய தயிர் சாதத்துல ரெண்டு ஸ்பூன் பிசைஞ்சுக்க, அடுப்புப் பக்கமே போகாது. விலாசம் பதிஞ்சாச்சாங்கிறதுக்கு மட்டும் நீ இன்னும் பதில் சொல்லல.