கென்யா, உகாண்டா, ருவாண்டா ஒரே சுற்றில்: வழி, விசா, தடுப்பூசி பற்றி ஆலோசனை வேண்டும்

கேட்டவர்: கோவை_பயணி

ஆகஸ்டில் பதினைந்து நாள் பயணம். நான், மனைவி, 66 வயது அம்மா. மூவருக்கும் இந்திய பாஸ்போர்ட். திட்டம் இது: நைரோபி, மசாய் மாரா, அங்கிருந்தே தான்சானியாவின் செரெங்கெட்டி பூங்கா, பிறகு பஸ்ஸில் உகாண்டாவின் கம்பாலா, பிவிண்டி காட்டில் கொரில்லா, ருவாண்டாவின் கிகாலி, மீண்டும் நைரோபி வந்து மும்பை. மூன்று நாட்டுக்கும் சேர்த்து ஒரே விசா இருக்கிறதாமே, அதை எடுத்தால் போதுமா? அம்மாவால் காட்டில் நடக்க முடியாது. எதை வெட்டுவது, எதை முதலில் புக் செய்வது?

பதில் 1: வரைபடம்

முதலில் செரெங்கெட்டியை எடுத்துவிடுங்கள். வரைபடத்தில் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டியிருக்கும், ஆனால் பூங்காவுக்குள் பயணிகள் எல்லை கடக்க வழி இல்லை. மேற்கே இசெபானியா எல்லைச் சாவடி வழியாகச் சுற்ற வேண்டும், இல்லையென்றால் நமாங்கா எல்லைச் சாவடி வரை திரும்ப வேண்டும். கென்ய சஃபாரி வண்டி தான்சானியப் பூங்காவுக்குள் வராது, எல்லையில் வண்டி மாற்ற வேண்டும். தனி விசா, தனி நுழைவுக் கட்டணம். ஆகஸ்டில் விலங்குக் கூட்டம் பெரும்பாலும் மாரா பக்கம்தான் இருக்கும். அதே விலங்குகளைப் பார்க்க இவ்வளவு அலைச்சல் தேவையில்லை.

மாராவில் ஒரு கணக்கைச் சரியாகப் போடுங்கள். ஜூலை முதல் டிசம்பர் வரை வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு, ஒரு ஆளுக்கு 200 டாலர். டிக்கெட் காலை 6 முதல் மாலை 6 வரைதான். நைரோபியிலிருந்து நாரோக் ஊர் வழியாக மாராவின் செகெனானி நுழைவாயில் (கேட்) போய்ச்சேர ஐந்தாறு மணி நேரம் ஆகும். மதியம் மூன்று மணிக்கு வந்து உள்ளே நுழைந்தால் மூன்று மணி நேரத்துக்கு மூன்று பேருக்கு 600 டாலர் போய்விடும். கேட்டுக்கு வெளியே தங்கி, அன்று ஓய்வெடுத்துவிட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு நுழையுங்கள். இரண்டு முழு நாள் போதும்.

நைரோபி–கம்பாலா பஸ் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். அம்மாவை வைத்துக்கொண்டு வேண்டாம். நைரோபியிலிருந்து உகாண்டாவின் எண்டபே விமான நிலையத்துக்கு விமானம் ஒரு மணி நேரச் சொச்சம்தான். அங்கிருந்து டிரைவரோடு கார் எடுத்து, ம்புரோ ஏரி அருகே ஓர் இரவு தங்கி, மறுநாள் பிவிண்டி. கடைசியில் கிகாலியிலிருந்தே ஊருக்கு விமானம் ஏறுங்கள்.

பதில் 2: முத்திரை

விசா விஷயம். கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா 100 டாலர், 90 நாள், மூன்று நாட்டுக்கும் செல்லும். முதலில் எந்த நாட்டில் இறங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். தான்சானியா இதில் இல்லை. நடுவில் அங்கே போனால் இந்த விசா அதோடு முடிந்துவிடும்.

ஆனால் உங்களுக்கு அது தேவையே இல்லை. கென்யாவில் 2024 ஜனவரியிலிருந்து விசாவுக்குப் பதில் இ.டி.ஏ என்ற ஆன்லைன் அனுமதி, 30 டாலர். உகாண்டா விசா 50 டாலர். ருவாண்டாவில் காமன்வெல்த் நாட்டவருக்கு 30 நாள் விசா இறங்கும்போதே கட்டணமில்லாமல் கிடைக்கும், இந்தியாவும் அதில் வரும். மொத்தம் 80, கூடவே சில்லறைச் சேவைக் கட்டணம். ஒரே திசைப் பயணத்துக்கு இதுதான் லாபம். கிகாலியிலிருந்து திரும்பும்போது நைரோபியில் விமானம் மட்டும் மாறி, வெளியே வராமல் ஒரே டிக்கெட்டில் போனால் இன்னொரு இ.டி.ஏ வேண்டாம்.

தேடினால் முதலில் வருவது இடைத்தரகர் தளங்கள், பார்க்க அரசுத் தளம் போலவே இருக்கும். முகவரி அந்தந்த அரசுடையதுதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கோவை_பயணி

செரெங்கெட்டி எடுத்தாயிற்று. மஞ்சள் காய்ச்சல் ஊசி அம்மாவுக்கும் கட்டாயமா?

பதில் 3: மருந்துப்பெட்டி

இதை எல்லாவற்றுக்கும் முன்னால் முடிவு செய்யுங்கள். உகாண்டா விசா விண்ணப்பத்திலேயே மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கச் செல்லும். இந்தியாவில் அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் முன்பதிவு செய்து போட்டுக்கொள்ளலாம். சான்றிதழில் பாஸ்போர்ட் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள்.

அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு முதல்முறை இந்த ஊசி போட்டால் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிப்பது. முட்டை ஒவ்வாமை, தைமஸ் சுரப்பிக் கோளாறு, எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் மருந்து, இவற்றில் எது இருந்தாலும் கூடாது. அம்மாவின் மருந்துச் சீட்டுகளோடு டாக்டரைப் பாருங்கள். ஊசி வேண்டாம் என்று அவர் விலக்குக் கடிதம் தந்தாலும், கென்யா, உகாண்டா போய்வந்தவரிடம் சான்றிதழ் இல்லையென்றால் இந்திய விமான நிலையத்தில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்த இடமுண்டு. அதற்கும் தயாராக இருந்தால் மட்டும் அம்மாவைச் சேர்த்து டிக்கெட் போடுங்கள்.

மலேரியாத் தடுப்பு மாத்திரையையும் அப்போதே கேட்டுவிடுங்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் ஊர் திரும்பியும் நான்கு வாரம் தொடர வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. அதை விழுங்கிவிட்டு உடனே படுக்கக்கூடாது, தொண்டைக்குழாய் புண்ணாகும்.

பதில் 4: மலைப்பாதை

ஹோட்டலுக்கு முன் கொரில்லா பர்மிட்டை, அதாவது காட்டில் கொரில்லா பார்க்கும் அனுமதியை, எடுங்கள். உகாண்டாவில் ஆளுக்கு 800 டாலர், ருவாண்டாவில் 1,500. ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க நாளுக்கு எட்டுப் பேர்தான், ஆகஸ்டில் சீக்கிரம் தீரும். பர்மிட் பிவிண்டியில் எந்தப் பகுதிக்கு என்று பாருங்கள்: புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ன்குரிங்கோ. புஹோமாவில் அறையும் ருஷாகாவில் பர்மிட்டும் எடுத்தால் நாளே கெட்டுவிடும். இடையில் பல மணி நேர மலைச்சாலை, காலை எட்டு மணிக்குள் விளக்கக் கூட்டத்துக்கு வந்தாக வேண்டும். கிகாலி போகிறவர்களுக்கு ருஷாகாதான் வசதி.

சளி, காய்ச்சல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். நம் கிருமி கொரில்லாவைக் கொல்லும், அதனால் இதை மறைக்கவே மறைக்காதீர்கள். பேண்ட்டைச் சாக்ஸுக்குள் செருகுங்கள், எறும்பு ஏறும். முள்ளையும் செந்தட்டி போன்ற செடிகளையும் பிடிக்கத் தோட்ட வேலைக் கையுறை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளூர்ச் சுமைகாரர் ஒருவரை வையுங்கள், சரிவில் கைப்பிடித்து ஏற்றிவிடுவார். நடக்க முடியாதவரை நாற்காலியில் சுமந்து செல்லவும் ஆள் கிடைக்கும். அம்மா விரும்பினால் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்யுங்கள், அதற்குத் தனிக் கட்டணம்.

எல்லையில்: வெளியேறும் முத்திரை, நுழையும் முத்திரை இரண்டும் விழுந்ததா என்று கவுண்டரிலேயே பாருங்கள். ருவாண்டாவில் பாலித்தீன் பைக்குத் தடை. புளியோதரைப் பொடியோ முறுக்கோ கொண்டுபோனால் டப்பாவில் போடுங்கள். அங்கே வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும், நேரமும் உகாண்டாவைவிட ஒரு மணி பின்னால். டாலர் நோட்டு புதிதாக, கிழிசலோ பேனாக் கிறுக்கலோ இல்லாமல் இருக்க வேண்டும், பழைய வரிசை நோட்டுகளை வாங்கமாட்டார்கள். கென்யா, உகாண்டாவில் சதுர முள் மூன்றுள்ள பிரிட்டிஷ் பிளக், ருவாண்டாவில் உருண்டை முள். இரண்டுக்கும் அடாப்டர் வேண்டும்.

சைவம் என்றால் பீன்ஸ் குழம்பைக் கேட்டுச் சாப்பிடுங்கள், இறைச்சிச் சாறு சேர்ப்பதுண்டு. கென்யாவில் "சிலி ஞாமா" என்றால் இறைச்சி சாப்பிடமாட்டேன் என்று புரியும். உகாண்டாவில் தெருவுக்குத் தெரு விற்கும் "ரோலக்ஸ்" சப்பாத்தியில் முட்டை உண்டு, வேண்டாமென்றால் வெறும் சப்பாத்தி கேளுங்கள், கல்லிலிருந்து சூடாகவே எடுத்துத் தருவார்கள்.