மறு: கள்ளிமுளையான் தண்டில் வெட்டுவாய் ஆறுவதற்கு ஒரு சொல்

அனுப்புநர்: கையேட்டைத் தொகுப்பவர்

அனைவருக்கும் வணக்கம்.

வறண்ட நிலத்துக் காட்டுப்பூக்களை வீட்டுத்தோட்டத்தில் வளர்ப்பதற்கான கையேட்டில், கள்ளிமுளையான் பகுதி ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது. தாவரவியலில் காரலூமா அட்சென்டென்ஸ் எனப்படும் அதே செடிதான். இலையற்ற நாற்பட்டைத் தண்டு, அதன் மெலிந்த நுனியில் கருஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்த ஐந்து மடல் பூ. பசியடக்கும் சரக்கு என்று காட்டிலிருந்து வேரோடு பிடுங்கப்படுவதால் முட்புதர்க் காடுகளில் அருகிவருகிறது. ஆகவே காட்டில் கை வைக்காமல், ஏற்கெனவே தொட்டியில் வளரும் செடியின் தண்டுத்துண்டை நட்டுப் பெருக்கச் சொல்லியிருக்கிறோம்.

வெட்டிய துண்டை உடனே மண்ணில் வைத்தால் அழுகிவிடும். வெட்டுவாயில் தோல் கட்டிய பிறகே நட வேண்டும். ஆங்கிலத் தோட்ட நூல்கள் 'காலஸிங்' என்கிற இந்தச் செயலுக்குக் கையேட்டில் இப்போது 'காயவைத்தல்' என்று போட்டிருக்கிறேன். எனக்கு அது நிறைவாக இல்லை. உங்கள் கருத்து வேண்டும்.

---

அனுப்புநர்: நாற்றங்கால் நடத்துபவர்

> 'காயவைத்தல்' என்று போட்டிருக்கிறேன்

அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். மிளகாயையும் வடகத்தையும் எங்கே காயவைப்போம்? வெயிலில். படிப்பவர் துண்டையும் மொட்டை மாடியில் கொண்டுபோய் வைப்பார். ஒரு செ.மீ. பருமனுள்ள தண்டு சுள்ளென்ற வெயிலில் முழுதாகச் சுருங்கிப்போகும், வெட்டுவாய் மட்டும் ஆறாது. நமக்கு வேண்டியது துண்டு உயிரோடு தளதளவென்று இருக்க, வெட்டு மட்டும் மூடிக்கொள்வது. 'வாட்டுதல்' என்றாலும் இதே கோளாறுதான்.

சொல் எதுவானாலும் அதன் பின்னால் இருக்கும் வேலை இது. தண்டு தாய்ச்செடியோடு சேரும் அடிக்கழுத்து மற்ற இடத்தைவிடக் குறுகலாக இருக்கும். அங்கே எடுத்தால் காயம் சிறிது. நடுவில் வெட்டத்தான் வேண்டுமென்றால் 8 முதல் 10 செ.மீ. நீளத் துண்டாக, குறுக்கே நேராக வெட்டுங்கள். ரோஜாக் குச்சிக்குச் செய்வதுபோல் 45 பாகையில் சாய்த்து வெட்டினால் காயத்தின் பரப்பு ஏறத்தாழ 1.4 மடங்காகிவிடும். இந்தச் செடிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, ஒவ்வொரு செடிக்குப் பிறகும் மறுபடி துடைக்க வேண்டும். பிறகு துண்டைக் காற்றோட்டமான நிழலில் கம்பி வலைமேல் கிடத்தினால், 30 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் ஐந்து முதல் ஏழு நாளாகும். மழைக்காலத்தில் பத்து நாளுக்கு மேலும் இழுக்கும். பிளாஸ்டிக் பைக்குள் வைக்கவே கூடாது.

---

அனுப்புநர்: தாவரவியல் ஆசிரியர்

நாற்றங்கால் ஐயா சொன்னது சரி. சொல்லைத் தேடும் முன் பொருளைப் பிரித்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் கலந்து கிடக்கின்றன.

ஆய்வகத்தில் செய்யும் திசு வளர்ப்பில், ஊட்டக் கலவையின்மேல், வேர் தண்டு என்று இன்னும் வேறுபாடடையாத செல்கள் திரளாகப் பெருகுவது ஒன்று. பாடநூல்கள் அதைக் 'கேலஸ்' என்று ஒலிபெயர்த்தே எழுதுகின்றன. அதை நாம் தொட வேண்டியதில்லை. கள்ளிமுளையான் துண்டில் நடப்பது பெரும்பாலும் இன்னொன்று. வெட்டுண்ட செல்கள் இறந்து உலர்கின்றன. அவற்றுக்குக் கீழே உயிரோடிருக்கும் செல்கள் தங்கள் சுவரில் சூபரின் என்ற நீர்புகாப் பொருளைப் படியவைக்கின்றன. அதன் கீழே தக்கை கேம்பியம் என்ற வளர்திசு அடுக்கு உருவாகித் தக்கைத் தோலை உண்டாக்குகிறது. இது உயிருள்ள செல்கள் செய்யும் வேலை. அதற்கு ஆக்சிஜன் வேண்டும், மிதமான வெப்பம் வேண்டும். அதனால்தான் வெயிலில் வறுத்தாலும் நடக்காது, பையில் அடைத்தாலும் நடக்காது.

இனி, வரக்கூடிய சொற்கள். ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் 'காய்ப்பு'. கை காய்த்துப்போச்சு என்கிறோமே, அது. ஆனால் தோட்டக் கையேட்டில் 'துண்டு காய்ப்பு ஏறும்வரை' என்று எழுதினால் காய் பிடிப்பதாகத்தான் யாரும் படிப்பார்கள். 'தழும்பு', 'வடு' இரண்டும் இலை உதிர்ந்த அடையாளத்துக்கு ஏற்கெனவே வழங்குகின்றன. 'ஆறுதல்' வேறு பொருளில் ஊன்றிவிட்டது. 'ஆறுதோல்' நல்ல வினைத்தொகை என்று முதலில் எனக்குப் பட்டது. ஆனால் பிரித்து அச்சிட்டால் ஆறு தோல் என்று எண்ணாகிவிடும்.

---

அனுப்புநர்: மாடித்தோட்டக்காரர்

வணக்கம். புண்ணின்மேல் பொருக்குத் தட்டுவது எல்லோருக்கும் தெரிந்தது. 'வெட்டுவாய் பொருக்குத் தட்டிய பிறகு நடுக' என்று எழுதினால் விளக்கமே தேவையில்லை. நாமே செய்யும் செயலாகச் சொல்ல வேண்டுமானால் 'பொருக்கேற்றல்'. வண்ணமேற்றல், மெருகேற்றல் மாதிரி.

---

அனுப்புநர்: நாற்றங்கால் நடத்துபவர்

பொருக்கு கைக்கு அடங்குகிற சொல்தான். ஆனால் இரண்டு தடை தெரிகிறது. மழைக்குப் பின் மண்மேல் இறுகும் ஏட்டையும் பொருக்கு என்கிறோம். இதே கையேட்டில் 'தொட்டியில் மண் பொருக்குத் தட்டாமல் சரளை பரப்புக' என்று ஒரு வரி இருக்கிறது. அடுத்தது, புண்ணின் பொருக்கு உதிர்ந்துவிடும். தண்டில் உதிரக் கூடாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முருங்கைப் போத்து நட்டால் மேல்நுனியில் சாணி அப்புகிறோம். அது ஈரம் போகாமலிருக்க. அந்தப் பழக்கத்தில் இதன் அடிவெட்டில் சாணியோ குழைத்த மஞ்சளோ அப்புகிறவர்கள் நிறைய. எதைக் குழைத்து அப்பினாலும் காற்று அடைபட்டு உள்ளே ஈரம் தங்கும், மூன்றாம் நாளே கறுக்கத் தொடங்கும். கந்தகத் தூளை உலர்வாகத் தூவித் தட்டிவிட்டால் போதும். அதுவும் கட்டாயமில்லை. ஆகவே நாம் ஆக்கும் சொல் 'மேலே ஒன்றைப் பூசுவது' என்ற எண்ணத்தைத் தரக் கூடாது. 'ஏற்றல்' கொஞ்சம் அப்படி ஒலிக்கிறதோ?

---

அனுப்புநர்: தாவரவியல் ஆசிரியர்

> புண்ணின் பொருக்கு உதிர்ந்துவிடும். தண்டில் உதிரக் கூடாது.

இங்கும் மேலேடு உதிரலாம், கேடில்லை. அதன் அடியில் தக்கைத் தோல் உருவாகியிருந்தால் காயம் மூடியே இருக்கும். வெளியிலிருந்து பார்த்துத் தொட்டு அறியக்கூடியது மேலே உள்ள பொருக்கு. உள்ளே நடப்பதற்குத் 'தக்கைத் தோல்' இருக்கிறது. வளர்ப்பவருக்குக் கண்ணுக்குத் தெரிவதன் பெயரே பயன்படும் என்பதால் என் வாக்கு பொருக்குக்கு.

மண்ணின் பொருக்கோடு குழம்பாதிருக்க 'வெட்டுப்பொருக்கு' என்று ஒருமுறை முழுதாகச் சொல்லிவிட்டால், பிறகு இடம் பார்த்துப் பொருள் விளங்கும். 'ஏற்றல்' பற்றிய ஐயம் நியாயமானது. பாலில் ஆடை கட்டுகிறது, புண்ணில் சீழ் கட்டுகிறது என்பதுபோலத் தானே உருவாவதைச் சொல்ல நம்மிடம் 'கட்டுதல்' உண்டு. 'பொருக்குக் கட்டுதல்' என்றால் பூச்சு என்ற எண்ணம் வராது. நாம் செய்வது நிழலில் கிடத்துவது மட்டும். கட்டுவதைத் துண்டு பார்த்துக்கொள்ளும்.

கள்ளி என்ற பெயரைப் பார்த்துப் பால் வடிவதை வைத்து அடையாளம் சொல்லிவிடாதீர்கள். சதுரக்கள்ளி, திருகுகள்ளி போன்றவற்றின் வெண்பால் வெட்டுவாயில் உறைந்து ஒரு மூடி போடும். கள்ளிமுளையானில் வடிவது தெளிந்த நீர். இது கள்ளிகளின் குடும்பத்தது அல்ல; எருக்கைப்போல் அரளிக் குடும்பத்தது. பால் உறைந்ததைப் பொருக்கு என்று எண்ணி நடுவது கள்ளிகளில் நேரும் தவறு. அங்கேயும் உறைந்த பாலைக் கழுவிவிட்டுத்தான் பொருக்குக் கட்டவிட வேண்டும்.

---

அனுப்புநர்: கையேட்டைத் தொகுப்பவர்

நன்றி. 'வெட்டுப்பொருக்கு', 'பொருக்குக் கட்டுதல்' இரண்டையும் எடுத்துக்கொண்டு பத்தியைத் திருத்தியிருக்கிறேன். உங்கள் சொற்களைச் சேர்த்ததுதான். பிழை இருந்தால் சொல்லுங்கள்.

"துண்டை நிழலில் கிடத்தி வெட்டுப்பொருக்குக் கட்டவிடுக. புது வெட்டு வெளிர்பச்சையாக நீர் மினுங்கும். பொருக்குக் கட்டியது வைக்கோல் நிறமாகி, நடுப்பகுதி சற்றே குழிந்து, நகத்தால் தட்டினால் காய்ந்த தாள்போல் இருக்கும். மெல்லிய காகிதத்தை ஒற்றினால் ஈரம் படியாது. ஓரத்தில் கரும்பழுப்பு வளையமும் கசிவும் தெரிந்தால் அது அழுகல். சுத்தமான பச்சை தெரியும்வரை ஒவ்வொரு செ.மீ. ஆக மேலே வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடைத்து, மீண்டும் முதலிலிருந்து பொருக்குக் கட்டவிடுக.

மண்கலவைக்கு: இரண்டு பங்கு பெருமணல் அல்லது 3 முதல் 5 மி.மீ. சரளை, ஒரு பங்கு செம்மண், ஒரு கைப்பிடி மக்கிய இலை. 10 முதல் 12 செ.மீ. ஆழமுள்ள மண்தொட்டி போதும். துண்டைச் செருகாமல் படுக்கவைத்து, பாதிப் பருமன் மட்டும் மண்ணில் பதியவிடலாம்; மண்ணைத் தொடும் பக்கத்திலிருந்து வேர் விடும். ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். அதன்பின் மேல்மண் முழுதும் காய்ந்த பிறகே ஊற்றுக. இரண்டு முதல் நான்கு வாரத்தில் இலேசாக இழுத்தால் பிடிப்புத் தெரியும். காட்டில் இது முட்செடிகளின் அடியில் வளர்வது, ஆகவே காலை வெயிலும் பிற்பகல் நிழலும் ஏற்றது. தண்டு செம்பழுப்பானால் வெயில் மிகுதி; ஒல்லியாக நீண்டு சாய்ந்தால் குறைவு."

ஒரு கேள்வி பாக்கி. செங்காந்தள் பகுதியிலும் கிழங்கை உடைத்து நடுவது வருகிறது. அங்கும் பொருக்கு என்றே சொல்லலாமா?

---

அனுப்புநர்: நாற்றங்கால் நடத்துபவர்

சொல்லலாம், உடைவாயில் நடப்பது அதேதான். ஆனால் அங்கே கவனிக்க வேண்டியது வேறு: கலப்பை வடிவக் கிழங்கின் ஒவ்வொரு கிளை நுனியிலும் ஒரே ஒரு முளைதான் இருக்கும். அது நசுங்கினால் எவ்வளவு நல்ல பொருக்குக் கட்டினாலும் அந்தத் துண்டு முளைக்காது. கிழங்கில் கொல்சிசின் என்ற கொடிய நஞ்சு இருப்பதால், பொருக்குக் கட்டக் கிடத்தும் இடம் குழந்தைகளுக்கும் ஆடுமாடுகளுக்கும் எட்டக் கூடாது, கையுறை போட்டுத்தான் தொட வேண்டும் என்பதை அதே வரியிலேயே சேர்த்துவிடுங்கள். பின்குறிப்பாகப் போட்டால் யாரும் படிப்பதில்லை.