படகில் ஆழமும் மீனும் காட்டும் எக்கோ சவுண்டருக்கு எந்த பேட்டரி? 7 ஆம்பியர்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) போதுமா? பழகியவர்கள் சொல்லுங்க

7 ஆம்பியர்-அவர் போதுமா என்று கேட்கும் முன், கருவி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பாருங்க. சின்னத் திரை உள்ள சவுண்டர் பெரும்பாலும் 0.5 முதல் 1 ஆம்பியர் வரை இழுக்கும். திரை வெளிச்சத்தை முழுசா ஏற்றினால் இன்னும் கூடும். 0.8 ஆம்பியர் வீதம் 8 மணி நேரம் ஓடினால் 6.4 ஆம்பியர்-அவர். கணக்குக்கு 7 சரியாக இருக்கும், கடலில் காலை வாரிவிடும். சீல்டு ஈய பேட்டரி மேல் போட்டிருக்கும் 7 என்பது, 20 மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைக்கிற அளவு. வேகமாக இழுத்தால் அவ்வளவு வராது. தினமும் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுசும் போச்சு. இந்த வேலைக்கு ஈயத்தில் 14-க்குக் குறைந்து வாங்காதீங்க. எஞ்சின் ஸ்டார்ட் செய்கிற பேட்டரியை இதற்குப் பயன்படுத்தவே வேண்டாம். அது ஆழமாக இறங்கி ஏறத் தாங்காது.

—

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்றால் 8 முதல் 10 போதும் அண்ணே, எடையும் பாதிக்குக் கீழே. ஆனால் சார்ஜர் அதற்கென்றே உள்ளதாக இருக்கணும், 14.2 முதல் 14.6 வோல்ட்டுக்குள். மீட்டரில் 0 வோல்ட் காட்டினால் செத்துப்போச்சு என்று தூக்கிப் போடாதீங்க. உள்ளே இருக்கும் பாதுகாப்பு போர்டு கட் செய்திருக்கும். அதற்கான சார்ஜரில் போட்டால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். ஈயத்தில் ஓய்வில் 12.2 வோல்ட் என்றால் ஏறக்குறைய பாதி என்று சொல்லிவிடலாம். லித்தியத்தில் கடைசி வரை 13 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டுத் திடீரென்று விழும். வோல்ட்டை நம்பி மிச்சத்தைக் கணக்குப் போட முடியாது.

—

பேட்டரியை மாற்றும் முன் வயரைப் பாருங்க. படகின் வயர்லெஸ் செட்டில் பேச மைக்கை அழுத்தியதும் சவுண்டர் அணைந்து திரும்ப எழுந்தால் முதல் சந்தேகம் வயர் மேல்தான் வரணும். 25 வாட் வயர்லெஸ் செட் பேசும்போது 5, 6 ஆம்பியர் இழுக்கும். இரண்டுக்கும் பொதுவாக 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் 5 மீட்டர் ஓடினால், போக வர 10 மீட்டர். அதிலேயே 1.4 வோல்ட் தின்றுவிடும். 2.5 போட்டால் அரை வோல்ட்டுக்குள் நிற்கும். கருவிக்குத் தனி வயர் இழுப்பது அதைவிட நல்லது. மைக்கை அழுத்திப் பிடித்தபடியே பேட்டரி முனையில் ஒரு தடவை, கருவி முனையில் ஒரு தடவை அளந்து பாருங்க. பேட்டரியில் 12.3, கருவியில் 10.8 என்றால் குற்றவாளி தெரிந்துவிடும்.

வயர் அளவு சரியாக இருந்தும் வோல்ட் இறங்கினால் வயர் நுனியில் ஒரு அங்குலம் தோலை உரியுங்க. செம்பு பளபளப்பாக இல்லாமல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் உப்புத்தண்ணி உள்ளே ஏறிவிட்டது. நல்ல செம்பு வரும் வரை வெட்டணும். முடிந்தால் வெள்ளீயம் பூசிய வயராகவே மாற்றுங்க. டெர்மினலை முறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்க. ஃபியூஸ் பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கணும். கருவி பக்கத்தில் போட்டால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆனபோது அது காப்பாற்றாது.

—

படகு ஓடாத மாதங்களுக்கு: ஈய பேட்டரியை முழுசா ஏற்றி, வயரைக் கழற்றி வைங்க. 3 மாதத்துக்கு ஒரு முறை திரும்ப ஏற்றணும். இறங்கிய நிலையில் கிடந்தால் தகட்டில் சல்பேட் கட்டிப்போகும், பிறகு எந்த சார்ஜராலும் பழைய அளவு வராது. லித்தியத்தைப் பாதி சார்ஜில் வைத்தால் போதும்.