குளூட்டன் ஃப்ரீ ப்ரெட்டுக்கு மாறியும் வெயிட் இறங்கல, எங்க தப்பு பண்றேன்?

கோவைக்கிளி:
வணக்கமுங்க. வயசு 34, வெயிட் 78 கிலோ. ஜிம்ல ட்ரெய்னர் "கோதுமைய நிறுத்துங்க, குளூட்டன் தான் தொப்பையா நிக்குது"ன்னு சொன்னாருன்னு ரெண்டு மாசமா காலைல இட்லி தோசை எல்லாம் விட்டுட்டு குளூட்டன் ஃப்ரீ ப்ரெட் நாலு ஸ்லைஸ், மேல பீனட் பட்டர், அவ்ளோதான் டிஃபன். சாயங்காலம் டீயோட பப்ஸ், பிஸ்கட் எல்லாம் கட். மொத மாசம் ஒன்றரை கிலோ இறங்குச்சு, ஒரே சந்தோஷம், இந்த மாசம் முள்ளு அசையவே மாட்டேங்குது. 300 கிராம் பாக்கெட் 240 ரூபா வேற, நடுவுல ஓட்டை, டோஸ்ட் பண்ணலன்னா தொட்டாலே உதிருது. வீட்டுக்காரர் தினமும் முறைக்கறாரு. ஒரு நாளைக்கு எத்தன ஸ்லைஸ் வரைக்கும் போலாம்?

தராசுத்தம்பி:
அக்கா, இட்லிய விட்டுட்டு குளூட்டன் ஃப்ரீ ப்ரெட்டா?? இட்லில குளூட்டனே கிடையாதே, அரிசியும் உளுந்தும் தான! குளூட்டன்ங்கறது ஒரு புரோட்டீன், கோதுமை, பார்லி, ரை இந்த மூணு தானியத்துல தான் இருக்கு. ரவை, மைதா, வழக்கமான சேமியா எல்லாம் கோதுமை தான்.
பாக்கெட்ட திருப்பிப் பாருங்க, 100 கிராமுக்கு 250, 260 கலோரி போட்டிருப்பான், சாதா ப்ரெட்டும் அதே கணக்கு தான். ஒரு ஸ்லைஸ தராசுல வைங்க, 35 கிராம் வந்தா நாலுக்கு 360 கலோரி கிட்ட. பீனட் பட்டர் தலை தட்டி ஒரு டேபிள்ஸ்பூனே 95 கிட்ட, நம்மாளுங்க யாரு தலை தட்டறாங்க, கோபுரமா தான எடுப்போம்? நான் அப்படித்தான் எடுத்தேன், ஒரு நாள் எடை போட்டா ஒரு ஸ்பூன்ல 30 கிராம்! மூணு இட்லி சாம்பாரோட சாப்பிட்டா இதுல பாதி தான் வரும். மொத மாசம் இறங்குனது குளூட்டன் போனதால இல்லக்கா, பப்ஸ் போனதால.

அம்மாவின்அடுப்பு:
எங்க பையனுக்கு சீலியாக் இருக்கு, அதாவது குளூட்டன் சாப்பிட்டா குடல் புண்ணாகற நோய், அஞ்சு வருஷமா இந்த ப்ரெட்டோட தான் வாழறேன், அதனால சொல்றேன் கிளி. இது மெலியறதுக்குன்னு பண்ணது இல்ல. கோதுமைல இருக்கற அந்த இழுவை இல்லாம மாவு உப்பி நிக்காது, அதுக்காக அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், உருளை ஸ்டார்ச், மாவு ஒட்டி நிக்க சாந்தன் கம்னு ஒரு பசை, அப்புறம் எண்ணெய் சேர்ப்பாங்க, நார்ச்சத்தும் புரோட்டீனும் நிறைய பிராண்டுல கம்மி தான், அதான் பதினோரு மணிக்கே திரும்பப் பசிக்குது. எங்க பையன் குளூட்டன விட்டதுக்கப்புறம் தான் வெயிட்டே போட்டான், குடல் ஆறி சாப்பாடு உடம்புல ஒட்ட ஆரம்பிச்சுதுல்ல.
ஒண்ணு கேக்கணும், கோதுமை சாப்பிட்டா உனக்கு வயிறு உப்புசம், பேதி, ரத்தசோகை ஏதாவது உண்டா? இருந்தா டாக்டர்ட்ட போய் சீலியாக் இருக்கான்னு பாக்கற டிடிஜி (tTG) ரத்த டெஸ்ட் பத்தி கேளு, ஆனா அந்த டெஸ்ட் கோதுமை சாப்பிட்டுட்டு இருக்கும்போது எடுத்தா தான் சரியா காட்டும், நீ ரெண்டு மாசமா நிறுத்திட்டதால இத மொதல்ல சொல்லிடு. சீலியாக்னு வந்தா கூட்டுப் பெருங்காயம் கூட பாத்து வாங்கணும், அதுல கோதுமை மாவு கலப்பாங்க, அது பெரிய கதை.

கம்பங்கூழ்77:
240 ரூபாய்க்கு ஓட்டைய வித்துட்டு போறாங்க 😂 ராகி தோசை ஊத்திக்கோங்க மேடம். ஆனா ராகின்னா அளவே வேண்டாம்னு ஆறு தோசை சாப்ட்ராதீங்க, நான் அப்படி சாப்ட்டு ரெண்டு கிலோ ஏறுனவன்.

கோவைக்கிளி:
இப்பத்தான் தராசுல வெச்சேன், ஸ்லைஸ் 38 கிராம்! பீனட் பட்டர வெச்சுப் பாக்கவே பயமா இருக்குது. உப்புசம், பேதி ஒண்ணும் இல்லீங்கக்கா, கல்யாண வீட்டுல பரோட்டா தின்னாக்கூட ஒண்ணும் பண்ணாது. நாளைல இருந்து மூணு இட்லி, சாம்பார்ல காய் நிறைய. ஃப்ரீசர்ல ஒன்றரை பாக்கெட் மிச்சம் கெடக்குது, தூக்கிப் போட மனசு வரல. ரெண்டு ஸ்லைஸ், ஒரு முட்டை, வெள்ளரிக்கான்னு வாரத்துல ரெண்டு நாள் தீத்துக்கலாமா தம்பி?

தராசுத்தம்பி:
தாராளமா. முட்டை ரெண்டா போடுங்க, பீனட் பட்டர் பாட்டில வீட்டுக்காரர்ட்ட குடுத்துருங்க.