ருமேனியாவில் ரோமா மக்களிடையே 12 நாள் ஊழியப் பயணம்: வேலூரிலிருந்து நாங்கள் போகலாமா?

கேள்வி: காட்பாடி வாலிபன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். வேலூர் பேராயத்துக்கு உட்பட்ட ஒரு சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரம்) வாலிபர் ஐக்கியச் செயலாளராக இருக்கிறேன். வரும் ஆகஸ்டில் ருமேனியாவின் திரான்சில்வேனியப் பகுதியில் உள்ள ரோமா மக்களின் (ஜிப்சிகள் என்று பலர் சொல்பவர்கள்) குடியிருப்புகளுக்குக் குறுகியகால ஊழியப் பயணம் வருமாறு ஓர் அமைப்பு எங்களை அழைத்துள்ளது. ஒன்பது பேர், 12 நாட்கள், ஆளுக்கு ஏறத்தாழ 1,60,000 ரூபாய் செலவு. காலையில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), பிற்பகலில் வீடு சந்திப்பு, மாலையில் கூட்டம், இடையில் ஒருநாள் உடைகளும் உணவுப் பொட்டலங்களும் வழங்குதல், கடைசி நாள் ஒரு கோட்டையைச் சுற்றிப் பார்த்தல் என்று நிகழ்ச்சி நிரல் வந்திருக்கிறது.

"ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தியாவை விட்டுப் போன உங்கள் இரத்த உறவுகள் அவர்கள், ஐரோப்பியருக்குத் திறக்காத கதவு உங்கள் நிறத்தைக் கண்டதும் திறக்கும்" என்று அந்த அமைப்பினர் சொன்னது எங்கள் வாலிபர்களை மிகவும் ஈர்த்துவிட்டது. ஆனால் சேகரக் குழுவில் மூத்தவர் ஒருவர், "நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பாசிமணி விற்கிற குருவிக்காரர் பிள்ளைகளை ஞாயிறு பள்ளிக்கு அழைத்துவர ஆள் இல்லை, ருமேனியாவுக்கு ஒன்பது பேரா?" என்று கேட்டதிலிருந்து பேச்சு நின்றுபோயிருக்கிறது. இத்தகைய பயணம் போனவர்களோ, இப்படி வருபவர்களை வரவேற்றவர்களோ இருந்தால் ஆலோசனை சொல்லுங்கள். விசா பற்றிய விவரமும் தேவை.

மறுமொழி 1: பாலாற்றங்கரை

தம்பி, சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு குழுவோடு அதே பகுதிக்கு நான் போய்வந்திருக்கிறேன். விசாவை முதலில் முடித்துவிடுகிறேன். 2025 ஜனவரி 1 முதல் ருமேனியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகக்கூடிய ஷெங்கன் பகுதியில் முழுமையாகச் சேர்ந்துவிட்டது. ஆகவே ஷெங்கன் குறுகியகால விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். 180 நாட்களில் 90 நாட்களுக்கு மேல் தங்க இயலாது. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்தின் நோக்கத்தை உள்ளது உள்ளபடி எழுதுங்கள். "சுற்றுலா" என்று எழுதிவிட்டு விமான நிலையத்தில் கைப்பிரதிக் கட்டுகளோடு நிற்பது நல்ல சாட்சி அன்று.

நாங்கள் போன ஊரில் தார்ச்சாலை ரோமா தெரு தொடங்கும் இடத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் மண், ஒரே ஒரு அடிபம்பு, ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். நம் ஊர்ச் சேரிக்கும் ஊருக்கும் நடுவே உள்ள அந்த எல்லைக்கோட்டை அறிந்தவர்களுக்கு அது புதிதாகத் தெரியாது. எனக்குப் புதிதாக இருந்தது, அந்தத் தெருவில் ஏற்கெனவே ஒரு சபை இருந்ததுதான். ஸ்பெயினில் கட்டட வேலை செய்து திரும்பிய ரோமா ஒருவர் அதன் போதகர். வாரத்தில் மூன்று மாலை ஆராதனை, அக்கார்டியன் வாசிப்பு, கண்ணீரோடு ஜெபம். எங்களை அழைத்துச் சென்றவர்கள் இதை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. "சுவிசேஷம் எட்டாத மக்கள்" என்று சொல்லி இங்கே காணிக்கை திரட்டியிருந்தோம்.

நான் தமிழில் பிரசங்கித்தேன். அது ஆங்கிலத்துக்கும் அங்கிருந்து ருமேனிய மொழிக்கும் போயிற்று. வீட்டில் ரோமா மக்களின் மொழியான ரோமானி மட்டும் பேசும் பாட்டிகளுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் மீண்டும் ஒருமுறை சொன்னார்கள். பத்து நிமிடச் செய்திக்கு நாற்பது நிமிடம் ஆயிற்று, எது போய்ச் சேர்ந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. மொழி உறவு உண்மைதான். ஆனால் அது வட இந்திய மொழிகளோடு உள்ள உறவு. தண்ணீருக்குப் பானி, மூக்குக்கு நாக், கறுப்புக்குக் காலோ. புனேயில் வேலை பார்த்த எனக்குப் புரிந்தது, தமிழ் மட்டும் அறிந்தவர்களுக்குப் புரியவில்லை. எண்களில் ஒன்று முதல் ஆறு வரை நம் காதுக்குப் பழகிய ஓசைதான். ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் எஃப்தா, ஒஹ்தோ, எஞா என்று கிரேக்கத்திலிருந்து வந்தவை. கிரேக்கம் பேசிய பழைய பேரரசான பைசாந்தியம் வழியாகப் போன மக்கள் என்பதற்கு அந்த மூன்று எண்களே சாட்சி.

உடை வழங்கிய நாள்தான் மிக மோசமானது. அரை மணி நேரத்தில் இரண்டு குடும்பங்களுக்குள் கைகலப்பு வந்துவிட்டது. யாருக்கு எது போனது என்ற கணக்கைத் தீர்ப்பதிலேயே போதகருக்கு நாங்கள் போன பிறகும் பல வாரங்கள் கழிந்தன என்று கேள்விப்பட்டேன்.

நானும் மேடையில் "நாம் ஒரே இரத்தம்" என்று சொன்னேன். கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் வந்து, மொழிபெயர்ப்பாளர் மூலம், "உங்கள் ஊரில் எங்களைப் போன்றவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்?" என்று கேட்டார். அவர் குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். எனக்கு இரயில் பாலத்தடிக் கூடாரங்கள் நினைவுக்கு வந்தன. தேநீர் வந்துவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

மறுமொழி 2: இறையியல் மாணவன்

முன்பு எழுதிய ஐயாவின் அனுபவத்தோடு சிறிது வரலாற்றையும் சேர்க்க விரும்புகிறேன். ஏனெனில் அங்கே சிலுவையோடு போகிறவர், அதன் பெயரால் நடந்த வரலாற்றையும் சுமந்துகொண்டுதான் போகிறார். இன்றைய ருமேனியாவின் பகுதிகளான மால்டேவியாவிலும் வலாக்கியாவிலும் ரோமா மக்கள் பல நூற்றாண்டுகள் அடிமைகளாக இருந்தார்கள். அவர்களுக்கு உரிமையாளராக இருந்தவர்கள் அரசும் நிலப்பிரபுக்களும் மட்டுமல்லர்; மடங்களும்தாம். மால்டேவியாவில் 1855இலும் வலாக்கியாவில் 1856இலும்தான் அடிமைமுறை இறுதியாக ஒழிந்தது. அங்கே "ட்சிகான்" என்ற சொல் அடிமை என்ற பொருளோடே வழங்கியது. ஆகவே அதை நீங்கள் வாயில் எடுக்கவே கூடாது. எகிப்திலிருந்து வந்தவர்கள் என்ற தவறான எண்ணத்தில் பிறந்த "ஜிப்சி" என்ற சொல்லையும் தவிர்ப்பது நல்லது.

நீங்கள் போகவிருக்கும் திரான்சில்வேனியா அப்போது ஆஸ்திரிய அரச குலமான ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் இருந்தது. அந்த ஆட்சியின் நிலங்களில் 18ஆம் நூற்றாண்டில் அரசி மரியா தெரேசா காலத்தில், ரோமாப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து எடுத்து வேறு குடும்பங்களில் "நல்ல கிறிஸ்தவர்களாக" வளர்க்க ஆணைகள் பிறந்தன. 1942இல் ருமேனியச் சர்வாதிகாரி அன்தோனெஸ்குவின் அரசு ஏறத்தாழ 25,000 ரோமா மக்களை, அப்போது தன் பிடியில் இருந்த கிழக்குப் பகுதியான திரான்ஸ்நிஸ்திரியாவுக்கு நாடு கடத்தியது; சுமார் 11,000 பேர் பசியாலும் குளிராலும் நோயாலும் அங்கேயே மடிந்தார்கள். அந்நியர்கள் வண்டியில் வந்து இறங்கிப் பிள்ளைகளை ஒரே இடத்தில் திரட்டுவதைச் சில பாட்டிகள் வாசலில் நின்று முகம் இறுகப் பார்ப்பார்கள் என்றால், காரணம் இங்கேதான் இருக்கிறது.

வி.பி.எஸ். பற்றியும் ஒன்று. ரோமா மாணவர்களைச் சிறப்புப் பள்ளிகளில் ஒதுக்கியது பாகுபாடு என்று, செக் குடியரசு தொடர்பான வழக்கில் 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனி வகுப்பு, தனிப் பெஞ்சு என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு நாமும் "ரோமாப் பிள்ளைகளுக்கான வி.பி.எஸ்." என்று தனியாக ஒன்றை நடத்திவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஊர் ருமேனியச் சபையின் பிள்ளைகளும் அதே பாயில் உட்கார்வார்களா என்று அழைத்த அமைப்பைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலில் பாதி விஷயம் விளங்கிவிடும்.

ரோமா மக்களிடையே சுவிசேஷ எழுப்புதல் வந்த விதமும் கவனிக்கத்தக்கது. 1950களில் பிரான்சில் கிளெமான் லெ கொசெக் என்ற, பிரெத்தாஞ் பகுதியைச் சேர்ந்த போதகர் அவர்களிடையே ஊழியம் தொடங்கியபோது, வெளியாட்களைப் பிரசங்கிகளாக அனுப்பிக்கொண்டே இருக்கவில்லை. ரோமா மக்களையே போதகர்களாக எழுப்பினார். அது ஸ்பெயின் முதலான நாடுகளுக்கும் பரவியது அவர்கள் வழியாகவே. 2019 ஜூன் 2 அன்று போப் பிரான்சிஸ் திரான்சில்வேனியாவின் பிளாஜ் நகருக்குப் போய், திருச்சபை அவர்களை நடத்திய விதத்துக்காக ரோமா மக்களிடம் மன்னிப்புக் கேட்டதையும் உங்கள் வாலிபர்களுக்குச் சொல்லுங்கள்.

மறுமொழி 3: ஓய்வுபெற்ற செவிலி, பாகாயம்

நான் அந்த நாட்டை அறியேன், வருகிறவர்களை அறிவேன். வேலூருக்கு வெள்ளைக்காரப் பிள்ளைகள் குழுகுழுவாக வந்து கிராமங்களைப் பார்த்துப்போவது எனக்குப் பணிக்காலம் முழுவதும் பழகிய காட்சி. அவர்கள் நல்ல பிள்ளைகள், அழுதுகொண்டே விடைபெறுவார்கள். ஒருமுறை ஒரு குழு இரத்த அழுத்தம் பார்த்து 15 நாளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டுப் போய்விட்டது. பதினாறாம் நாள் ஒரு தாத்தா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகாமல், "அந்த அம்மா திரும்பி வரும்" என்று திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். அவரை நிலையத்துக்குப் போகவைக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையாரைப் பற்றி நாம் ஆண்டுவிழாவில் பேசும்போது, ஒரு கட்டிலோடு 1900இல் தொடங்கினார் என்பதைத்தான் சொல்வோம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது குடியாத்தம் சாலை. 1909 முதல் காரில் வாரம் தவறாமல் போய், மரத்தடிகளில் நின்று வைத்தியம் பார்த்தார்கள். இன்ன நாளில் வண்டி வரும் என்று சனங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியும். உங்கள் 12 நாளுக்குப் பிறகு 13ஆம் நாள் அந்தத் தெருவில் யார் நிற்பார்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள், தம்பி. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

இன்னொன்று. ரோமாக்களில் சில பிரிவினருக்குத் தீட்டு பற்றிய கண்டிப்பான வழக்கங்கள் உண்டென்று படித்திருக்கிறேன். இடுப்புக்கு மேல் உடுத்துவதையும் கீழ் உடுத்துவதையும் சேர்த்துத் துவைக்க மாட்டார்களாம். பழைய துணிகளை ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போய்க் கொட்டுவதற்கு முன் அங்கே ஒரு பெண்ணிடம் கேட்டுவிடுங்கள்.

மறுமொழி 4: வாக்ரி

நான் குருவிக்காரர் சமூகத்தைச் சேர்ந்தவன். நீங்கள் நரிக்குறவர் என்று எழுதுவீர்கள். இராணிப்பேட்டைப் பக்கம் எங்கள் குடியிருப்பு. மேலே மூத்தவர் ஒருவர் எங்கள் பிள்ளைகளைக் குறிப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் எண்ணம் நல்லதே. ஆனால் ருமேனியாவுக்குப் பதிலாக எங்களிடம் வாருங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ருமேனியாவுக்கு முன் ஒத்திகை பார்க்கவும் எங்களிடம் வர வேண்டாம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிரியாணியும் சேலையும் வருகின்றன, கூடவே கேமராவும் வருகிறது. என் தங்கையின் படம் யாரோ ஒருவருடைய காணிக்கை உறையில் அச்சாகி இருந்ததை நான் பிறகுதான் பார்த்தேன். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

எங்களுக்கு இப்போது நடந்துகொண்டிருப்பது வேறு போராட்டம். 1965இல், பட்டியல்களை ஆராய அரசு அமைத்த லோகூர் குழு பரிந்துரைத்ததை 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தோம். ஆனால் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் போனால் ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். என் தாய்க்கு மூன்று பெயர்கள் இருக்கின்றன. படிவத்தோடு ஒருநாள் முழுக்க எங்களோடு வரிசையில் நிற்க ஓர் ஆள் இருந்தால் போதும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். ஞானஸ்நானம் எடுத்தால் சான்றிதழ் போய்விடும் என்ற பயமும் எங்கள் தெருவில் உண்டு. மத வரையறை இருப்பது பட்டியல் சாதிகளுக்கான 1950ஆம் ஆண்டு ஆணையில்தான், பழங்குடியினருக்கு அன்று. இதைச் சபைக்காரர் ஒருவரும் எங்களுக்கு விளக்கிச் சொன்னதில்லை, நானே தேடிப் படித்தேன்.

ரோமாக்களும் நாங்களும் ஒரே இனம் என்று மேடையில் பேசுகிறவர்களையும் கேட்டிருக்கிறேன். எங்கள் மொழியான வாக்ரிபோலி குஜராத்தியோடு உறவுடையது, அவர்கள் மொழியும் வடக்கிலிருந்து போனது. அதற்குமேல் நானே சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் அந்த ஊர்ப் பெரியவர் கேட்ட கேள்வியை இரண்டு முறை படித்தேன். அடுத்த முறை யாராவது அங்கே போனால், நாங்கள் எங்கே குடியிருக்கிறோம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்: காட்பாடி வாலிபன்

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். எழுதிய அனைவருக்கும் நன்றி. அமைப்பினரிடம் அந்த ஊர்ப் போதகரோடு நேரடியாகப் பேச வேண்டும் என்று கேட்டோம். இரண்டு வாரம் தயங்கிப் பிறகு எண்ணைக் கொடுத்தார்கள். புனேயில் படித்த எங்கள் சபை அக்கா ஒருவர் மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசினார். ஆகஸ்டில் தெருவில் பாதிப் பேர் ஜெர்மனிக்கு அறுவடைக் கூலிக்குப் போயிருப்பார்கள், யாருக்கு வி.பி.எஸ். நடத்தப் போகிறீர்கள் என்று போதகர் சிரித்தாராம். உடைகள் வேண்டாம் என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். பிறகு அவரே தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: ஒன்பது பேர் வருகிற பணத்தில், அவரும் அவர் மனைவியும் இங்கே வந்துபோக முடியுமா? அவருடைய மாமியாருக்கு இந்தியாவைப் பார்க்க வேண்டும் என்று நீண்டநாள் ஆசையாம், ஆகவே மூவர்.

சேகரக் குழுவில் இன்னும் முடிவாகவில்லை. "பணம் கொடுப்பவர்கள் ஊழியத்துக்குத்தான் கொடுத்தார்கள், விருந்தாளிக்கு அன்று" என்று பொருளாளர் சொல்கிறார். காணிக்கை தந்தவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கியிருக்கிறோம். சுற்றுலா விசாவில் வருகிறவர்கள் இங்கே பிரசங்கம் செய்ய முடியாது என்பதையும் போதகரிடம் சொன்னோம். அதனால் என்ன, உட்கார்ந்து கேட்கிறேன் என்றார்.

வாக்ரி அண்ணன், உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன். நானும் இன்னொருவரும் செவ்வாய்க்கிழமைகளில் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு வர முடியும். எந்தப் படிவம், எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள். கேமரா கொண்டுவர மாட்டோம். செவிலி அம்மாவுக்கு ஒரு கேள்வி: அவர்கள் ஜனவரியில் வருவதானால் அந்தப் பாட்டிக்கு நம் சமையல் காரம் ஒத்துக்கொள்ளுமா, வேறு ஏதாவது ஏற்பாடு செய்ய வேண்டுமா?