ஃபிராங்க் சிம்ஃபனியின் கார்னெட் பகுதியை டிரம்பெட்டில் வாசிக்கலாமா?

கேள்வி:
இசையமைப்பாளர் செசார் ஃபிராங்க்கின் டி மைனர் சிம்ஃபனியில் 2 டிரம்பெட், 2 கார்னெட் (டிரம்பெட்டைப் போன்ற பித்தளை ஊதுவாத்தியம்) என்று பிரித்து எழுதியிருக்கிறது. பி ஃபிளாட்டில் (வாத்தியத்தின் அடிப்படைச் சுருதி) எடுத்துக்கொண்டால் இரண்டுக்கும் குழாய் நீளம் ஒன்று, விரல்முறையும் ஒன்று. நான்கு டிரம்பெட் போதாதா? அப்போது ஏன் பிரித்தார்கள்?

பதில்:
இன்றைக்குத்தான் ஒரே நீளம். 1888இல் அவர் எழுதியது எஃப் டிரம்பெட்டுக்கு, குழாய் சுமார் 6 அடி. பி ஃபிளாட் கார்னெட் சுமார் நாலரை அடிதான்.

டிரெபிள் கிளெஃபின் (உயர்ந்த சுரங்களை எழுதும் ஐந்து கோடுகள்) மேல்கோட்டில் ஒலிக்கும் எஃப் சுரத்தைப் பாருங்கள். எஃப் டிரம்பெட்டில் அது 8ஆவது ஹார்மோனிக் (குழாய் நீளத்தை மாற்றாமல் உதட்டால் மட்டும் எழுப்பும் சுர வரிசையில் ஒன்று). முன்னும் பின்னும் சுமார் ஒரு முழு டோன் தள்ளி அடுத்த ஹார்மோனிக் நிற்கிறது. கார்னெட்டில் அதே சுரம் 6ஆவது ஹார்மோனிக், இடைவெளி சுமார் மைனர் தேர்ட் (ஒன்றரை டோன்). உதடு லேசாகப் பிசகினால் நீள டிரம்பெட் பக்கத்துச் சுரத்துக்குத் தாவிவிடும், கார்னெட் தாங்கிக்கொள்ளும். வேகமான மெட்டு கார்னெட்டுக்குப் போனதில் ஆச்சரியமே இல்லை.

பெர்லியோஸின் 1830 சிம்ஃபனி ஃபந்தாஸ்தீக்கில் இது இன்னும் பளிச்சென்று தெரியும். வால்வ் (குழாய் நீளத்தை மாற்றும் விசை) இல்லாத டிரம்பெட்டுக்கு ஹார்மோனிக் சுரங்கள் மட்டும். குரோமாட்டிக் (அரை அரை டோனாக நகரும்) வரிகள் கார்னெட்டுக்கு.

பதில்:
ஒலியும் வேறு. ஆனால் ‘கார்னெட் முழுக்கக் கூம்பு, டிரம்பெட் முழுக்க உருளை’ என்று பலரும் எழுதுவது சரியல்ல. வால்வ் பகுதி இரண்டிலும் உருளைதான். விரிந்துகொண்டே போகும் பங்கு கார்னெட்டில் அதிகம், அவ்வளவே. மௌத்பீஸுக்கு (உதடு வைத்து ஊதும் பகுதி) பெரிய பங்கு உண்டு: அதன் கிண்ணம், அதாவது கப், ஆழமாக இருந்தால்தான் அந்த மென்மை வரும். டிரம்பெட் மௌத்பீஸைக் கார்னெட்டில் செருகாதீர்கள். அதன் ஷாங்க் (குழாய்க்குள் செருகும் முனை) தடிமன், முழுதாக உட்காராது, சுருதி குலையும்.

கேள்வி கேட்டவர்:
ஒரே ஒரு கார்னெட்தான் கிடைக்கும் என்றால்?

பதில்:
அப்போது அதை எடுக்காமல் இருப்பதே மேல். அந்த இரண்டு பகுதிகளும் ஜோடியாக இழைய வேண்டியவை. ஒன்று கார்னெட், ஒன்று டிரம்பெட் என்றால் இழையாது. இரண்டையும் ஆழமான கப் போட்ட பி ஃபிளாட் டிரம்பெட்டில் வாசியுங்கள், டிரம்பெட் பகுதிகளை சி டிரம்பெட்டுக்குக் கொடுங்கள். வேறுபாடு ஓரளவு காதில் விழும்.

பிரெஞ்சுப் பிரதிகளில் ‘பிஸ்டன்’ என்று மட்டும் இருந்தாலும் அது கார்னெட்தான். சாய்கோவ்ஸ்கியின் இத்தாலியன் கப்ரீச்சியோவில் கார்னெட் ஏ-யில், டிரம்பெட் ஈ-யில். பி ஃபிளாட் வாத்தியத்தில் முன்னதை அரை டோன் இறக்கியும் பின்னதை மூன்று டோன் ஏற்றியும் படிக்க வேண்டும். ஒத்திகையில் பெரும்பாலும் தடுக்குவது இரண்டாவதுதான். முன்கூட்டியே மாற்றி எழுதிவைத்துவிடுங்கள்.