மறு: ஆஸ்கி (OSCE) என்னும் மருத்துவச் செய்முறைத் தேர்வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> 'புறவயக் கட்டமைவு மருத்துவத் திறனாய்வு' என்று வைக்கலாமே? ஆங்கிலத்தில் உள்ள நான்கு சொல்லும் (Objective Structured Clinical Examination) வந்துவிடுகின்றன.

ஐயா, வணக்கம்.

நான்கும் வந்துவிட்டன, சரி. ஆனால் மணி அடிப்பதற்குள் மாணவியால் அதைச் சொல்லி முடிக்க முடியாதே! நான் செவிலியர் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். இங்கே எல்லோர் வாயிலும் 'ஆஸ்கி'தான். அப்புறம், 'திறனாய்வு' என்றதும் நமக்கு இலக்கிய விமர்சனம் ஞாபகம் வரும். பள்ளியில் பழகிய 'கொள்குறி'யும் ஒத்துவராது. அது நான்கில் ஒன்றுக்கு டிக் அடிக்கிற தேர்வு. இதுவோ எழுத்தில் தெரியாததைக் கையில் பார்க்க வந்தது.

ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டனும் கூட இருந்தவர்களும் 1975இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பழைய முறையில் ஒருவருக்குச் சுலபமான நோயாளி வாய்ப்பார், இன்னொருவருக்குச் சிக்கலானவர். போதாததற்குத் தேர்வாளரின் முன்கோபம் வேறு. அவர்கள் தேர்வைத் துண்டு துண்டாக்கி, மணி அடிக்க அடிக்க எல்லோரையும் அதே இடங்களைச் சுற்றிவர வைத்தார்கள்.

உள்ளே வந்து பாருங்கள். ஒரு மேசையில் ரப்பர் கை, ஊசி போட வேண்டும். அடுத்ததில் நோயாளியாக நடிக்க வந்த அம்மா, வருகிற ஒவ்வொருவரிடமும் அதே நெஞ்சுவலியை அதே வார்த்தையில் சொல்கிறார். தேர்வாளர் வாய் திறப்பதில்லை. கை கழுவினாளா, பெயர் கேட்டாளா என்று பட்டியலில் குறிக்கிறார். போன முறை ஒரு பெண் பதற்றத்தில் ரப்பர் கையிடம் "வலிக்குதாம்மா?" என்று கேட்டுவிட்டாள். பட்டியலில் அதற்கும் ஒரு மதிப்பெண் இருந்தது.

கண்ணில் படுவது இந்தச் சுற்றல்தான். அதனால் 'திறன்வலத் தேர்வு' என்கிறேன். 'வலம்' கோயில் வாசனை அடிக்கிறது என்பீர்கள். நகர்வலம் போன அரசன் சாமி கும்பிடவா போனான்? 'புறவய' விட்டுப்போகிறதுதான், அதைப் பட்டியல் பார்த்துக்கொள்ளும்.

சுற்றிவரும் ஒவ்வோர் இடத்துக்கும் ஆங்கிலத்தில் 'ஸ்டேஷன்' என்று பெயர். அதற்கு 'நிலையம்' வேண்டாம், பேருந்தும் போலீசும் வந்து நிற்கும். தெருமுனை போல 'முனை' போதும்: "நான்காம் முனை, காயத்துக்குக் கட்டுப் போடுதல்". சும்மா உட்கார விடுகிற இடம் 'ஓய்வுமுனை'.

'போலி நோயாளி' மட்டும் வேண்டவே வேண்டாம், போலி மருத்துவர் நினைவுதான் வருகிறது. 'நடிப்பு நோயாளி' என்றால் அந்த அம்மாவே ஒத்துக்கொள்வார்.